பயணம் போகும் பெரியவர்களுக்கு: மருந்துக்கடை கவுண்டரில் கேட்ட கேள்விகள்

முப்பது வருஷம் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். "நாளைக்குக் காசிக்குக் கிளம்பறோம், வழியில எதுக்கும் இருக்கட்டும்னு கொஞ்சம் மாத்திரை குடுங்க" என்று ராத்திரி ஒன்பது மணிக்கு வருவார்கள். வயிற்றுப்போக்குக்கும் தலைவலிக்கும் சத்தமாகக் கேட்பார்கள். உண்மையான கேள்வி அது இல்லை. பக்கத்தில் நிற்பவர் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்களே, அதுதான். ஒன்றுக்குப் போவது, மலச்சிக்கல், சக்கர நாற்காலி கேட்பதற்கு வெட்கம், படி ஏறினால் மூச்சு வாங்குவதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைத்தது. வயதால் வரும் சங்கடத்தைவிட இந்தக் கூச்சத்தால் வழியில் படுத்தவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். இப்போது எனக்கே 69. என் மனைவியோடு வருஷத்துக்கு இரண்டு பயணமாவது போய்விடுகிறோம். அந்தத் தாழ்ந்த குரல் கேள்விகளையும் மற்றவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் டாக்டரின் வேலை.

கிளம்புவதற்கு எத்தனை நாள் முன்பு டாக்டரைப் பார்க்க வேண்டும்?

நாலிலிருந்து ஆறு வாரம் முன்பு. முதல் நாள் போனால் அவரால் "பார்த்துப் போயிட்டு வாங்க" என்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. மாத்திரை மாற்றினால் அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க இரண்டு வாரமாவது வேண்டும். தடுப்பூசி போட்டாலும் அது வேலை செய்ய ஏறக்குறைய அதே அளவு நாள் ஆகும். ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி இரண்டையும் பற்றி நீங்களாகவே கேளுங்கள். குழந்தைகளுக்குத்தான் ஊசி என்ற நினைப்பு நம் ஊரில் இன்னும் போகவில்லை.

"பயணம் போகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கே, எந்த மாதம், எத்தனை நாள், எவ்வளவு நடை, எவ்வளவு உயரம் என்று சொல்லுங்கள். வேளாங்கண்ணிக்கு வேனில் போவதும் கேதார்நாத்துக்குப் போவதும் இதயத்துக்கு ஒன்றல்ல. ஸ்டென்ட் வைத்தோ, ஆபரேஷன் முடிந்தோ, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தோ சில வாரமே ஆனவர்கள் டாக்டர் சொல்லாமல் டிக்கெட்டே போட வேண்டாம்.

ஒரு தாளில் மருந்துகளின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்கு ஒவ்வாமை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மூலப்பெயரும், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் வேண்டும். நம் ஊர் பிராண்டு வாரணாசியில் இல்லாமல் இருக்கலாம், நியூஜெர்சியில் நிச்சயம் இருக்காது. "வெள்ளையா, வட்டமா, சின்னதா இருக்குமே" என்று கடையில் சொல்பவர்களை நான் பார்த்ததற்குக் கணக்கில்லை. பாதி மாத்திரை அப்படித்தான் இருக்கும்.

உடம்பு தாங்குமா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

கை வைக்காத ஒரு நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். முதியவர்கள் விழுவதைத் தடுக்க அமெரிக்காவில் பயன்படுத்தும் சோதனை இது. 70 முதல் 74 வயதுக்குள் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10 தடவைக்குக் கீழே போனால் கால் பலம் குறைவு என்று கணக்கு. குறைந்தால் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். இதே எழுந்து உட்காருவதையே பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து, மாலை பத்து. ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 நிமிட நடையோடு, வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசைக்குமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடை பலருக்கும் பழக்கம். மற்றதைத்தான் விட்டுவிடுகிறோம். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பது, இவ்வளவு போதும். ஓடும் ரயிலின் கழிவறையில் விழாமல் நிற்க வைப்பது இதுதான்.

நடையையும் போகப்போகும் இடத்துக்கு ஏற்றபடி பழகுங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். பூங்காவில் தினமும் இரண்டு கிலோமீட்டர் நடப்பவர் பௌர்ணமியன்று திடீரென்று பதினான்கு நடந்தால், மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழும்போது தெரியும்.

தண்ணீர் குடித்தால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறதே?

இதுதான் குரலைத் தாழ்த்திக் கேட்கும் முதல் கேள்வி. சொல்லப்போனால் கேட்கக்கூட மாட்டார்கள், தாங்களாகவே முடிவெடுத்துவிடுவார்கள். பஸ்ஸில் எட்டு மணி நேரம், நடுவில் நல்ல கழிவறை கிடைக்குமோ கிடைக்காதோ, அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது. பெண்களிடம் இது இன்னும் அதிகம். வயதாக ஆகத் தாகம் தெரிவதும் குறைந்துவிடும், எனவே உடம்பும் நினைவூட்டாது. சாயங்காலம் தலைசுற்றல், கால் பிடிப்பு. இரண்டாம் நாள் நீர்க்கடுப்பு. மூன்றாம் நாள் மலச்சிக்கல். சிலருக்கு எழுந்து நின்றதும் பிரஷர் இறங்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவதுவரை போய்விடும்.

தண்ணீரை நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். எழுந்ததும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, கிளம்புவதற்குள் அது போய்விடும்படி விடுங்கள். வழியில் ஒரேயடியாகக் குடிக்காமல் அரை மணிக்கு நாலு மடக்கு. காபி, டீயைப் பயண நாளில் குறையுங்கள், அவைதான் அவசரப்படுத்தும். வேன் அமர்த்தினால் இரண்டு மணிக்கொரு தடவை நிறுத்த வேண்டும் என்று டிரைவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். வண்டி கிளம்பிய பிறகு "தம்பி, கொஞ்சம் ஓரமா நிறுத்தறீங்களா" என்று கேட்கத்தான் நமக்கு வாய் வராது. பெரியவர்களுக்கான டயப்பர் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. நீண்ட பஸ் பயணத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. என் கடையில் அதைச் செய்தித்தாளில் சுற்றித்தான் கேட்பார்கள், நானும் சுற்றித்தான் கொடுப்பேன்.

பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் பயண நாளில் அதைத் தாங்களாகவே விட்டுவிடுவதும் வழக்கம். இதய பலவீனம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. காலையில் போடுவதை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு நேரத்தை மாற்றித் தருவார்.

எதிர்த்திசையிலும் ஒரு குழி உண்டு. நீர் மாத்திரை சாப்பிடும் பெரியவர் வெயிலில் வியர்த்து, உப்பு சேராத வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். "நேத்துவரைக்கும் நல்லாத்தான் பேசிட்டிருந்தார், இன்னைக்கு ஏதோ குழப்பமா பேசறார்" என்பார்கள். அது வயதின் மறதி இல்லை, உடனே ரத்தம் பார்க்க வேண்டிய விஷயம். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்ட வேண்டாம்.

பஸ்ஸில் சளிக்கும் மலைப்பாதை வாந்திக்கும் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை சரியா?

கொடைக்கானல், ஏற்காடு வளைவுகளுக்கு அவோமின், சளிக்கு அவில் என்று கேட்டு வாங்குவது ரொம்ப காலப் பழக்கம். இளவயதில் ஒரு தூக்கத்தோடு போய்விடும். எழுபதில் அந்தத் தூக்கம் இறங்கும்போதும் கூடவே வரும், படியில் தடுக்கும். ப்ரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சில வகைக் கண் அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது. டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். முன் இருக்கை, ஜன்னல் திறப்பு, காலி வயிறும் இல்லாத நிறைந்த வயிறும் இல்லாத நிலை, போனைப் பார்க்காமல் தூரத்தில் பார்ப்பது, இவை பலருக்குப் போதுமானவை.

ரயிலில் கீழ் பெர்த் எப்படிக் கிடைக்கும்?

60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த்துக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. பலருக்கும் தெரியாத நிபந்தனை, அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போட முடியாது என்பது. குடும்பத்தோடு ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் சேர்த்துவிட்டு, "தாத்தாவுக்கு அப்பர் குடுத்துட்டான்" என்று ரயில்வேயைத் திட்டுவதில் பயனில்லை. பெரியவர்கள் இருவருக்கும் தனியாகப் போடுங்கள். அப்படியும் மேல் பெர்த் விழுந்தால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள். காலியான கீழ் பெர்த்தை மூத்தவர்களுக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இந்த ஒதுக்கீடு நிற்கவில்லை. ரயிலில் உடம்புக்கு முடியாமல் போனால் 139-ஐ அழைக்கலாம், அடுத்த ஸ்டேஷனில் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள்.

ராத்திரி எழுந்தவுடன் நடக்காதீர்கள். ஒரு நிமிஷம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். கையடக்க டார்ச் ஒன்று, பிடிப்புள்ள ரப்பர் செருப்பு ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும்.

வழியில் சாப்பாடு?

நம் பாட்டிமார்கள் காட்டிய வழியில் தப்பில்லை. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை முதல் நாளுக்கு. தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது, கெட்டுப்போவதில் முதலிடம் அதற்குத்தான். இரண்டாம் நாளுக்குப் பொரி, வறுகடலை, வாழைப்பழம், உரித்துச் சாப்பிடும் ஆரஞ்சு. வெட்டிவைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம்.

மலச்சிக்கலுக்கு இசப்கோல் கொண்டுபோகிறவர்கள் அதைப் போதிய தண்ணீரோடு சாப்பிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு கண்டால் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு லிட்டருக்கென்று இருந்தால் ஒரு லிட்டரிலேயே கரையுங்கள். ஒரு டம்ளரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கரைப்பது தவறு. இனிப்புப் பானங்களின் டப்பாவில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்பதை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. அதற்கு முன் எத்தனை சர்க்கரை நோயாளிகள் அதை மருந்தென்று நம்பி வாங்கிக் குடித்தார்களோ.

சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும்?

சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் மாத்திரை. வீட்டில் எட்டு மணிக்கு மாத்திரை, எட்டரைக்கு இட்லி என்று கடிகாரம் மாதிரி நடக்கும். ரயிலில் எட்டரைக்கு வரவேண்டிய இட்லி பத்தரைக்கு வரும். அதற்குள் வியர்வை, நடுக்கம், படபடப்பு. குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ சட்டைப் பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் பூட்டி வைத்தது அந்த நேரத்தில் உதவாது. டிசம்பர், ஜனவரியில் வடக்கே பனிமூட்டத்தால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், எனவே மருந்து ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வேண்டும். அதில் பாதி கைப்பையில், பாதி கூட வருபவரிடம்.

பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் தாங்கும். உங்கள் மருந்தின் அட்டையைப் படித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மே மாதத்தில் நிறுத்திவைத்த காருக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? ஈரத்துணியில் நேராகச் சுற்றாமல், மருந்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சின்ன மண்பானைக்குள் வைத்து, பானையை வெளியே ஈரமாக்கி வையுங்கள். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் வீண். விமானத்தின் சரக்கு அறையிலும் குளிரில் உறைந்துபோகலாம் என்பதால்தான் கைப்பையில் வைக்கச் சொல்கிறோம்.

கோயிலில் வெறுங்காலோடு நடப்பது பற்றி?

பல வருஷம் சர்க்கரை இருந்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். நண்பகல் கருங்கல் பிரகாரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் துள்ளிக்கொண்டு ஓடும்போது, "எனக்கு ஒண்ணும் சுடலையே" என்று நிதானமாக நடப்பார்கள். அது பலம் இல்லை. அன்று ராத்திரி பாதத்தில் கொப்புளம், இரண்டு வாரத்தில் புண், அதற்கப்புறம் சொல்ல வேண்டாம். காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின் போங்கள். தேங்காய்நார் விரிப்பு போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். கோயிலில் ஆட்சேபம் இல்லையென்றால் தடித்த பருத்தி சாக்ஸ் அணியலாம். அறைக்குத் திரும்பியதும் உள்ளங்காலை கண்ணாடியில் பார்ப்பது, விரலிடுக்கைத் துடைப்பது தினசரி வேலை.

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடுகிறவர்களுக்கு வேறு சங்கடம். ஒவ்வொரு கிணறாகத் தலையில் வாளித் தண்ணீர் ஊற்ற, ஈரத்துணியோடு வழுக்கும் கல்தரையில் நடக்க வேண்டும். இளவயதுக்காரர் ஒருவர் கையைப் பிடித்தபடி வர வேண்டும். தலையில் ஊற்றும் முன் காலிலும் கையிலும் கொஞ்சம் விட்டுக்கொள்ளுங்கள். காசியில் ஜனவரிக் காலையில் கங்கையில் இறங்குபவர்களுக்கும் இதே முறைதான். குளிர்ந்த நீர் திடீரென்று மேலே பட்டால் பிரஷர் எகிறும். காசிக்குத் தை மாதத்தில் ஒரு பருத்திச் சால்வையோடு போய் இறங்குவது நம்மவர்களின் தனிச்சிறப்பு. குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் எடுத்துப் போங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மூட்டு வலி இருக்கிறது, மலைக்கோயில் போகலாமா?

பழநிக்கு வின்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. சோளிங்கர் நரசிம்மர் மலையின் 1,305 படிக்கும் 2024-இல் ரோப் கார் வந்துவிட்டது. பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்கள் உண்டு, கிளம்பும் முன் விசாரியுங்கள். "நடந்து போனாதானே புண்ணியம்" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. திருப்பதி மலைக்கு அலிபிரி வழியில் 3,550 படி என்று மட்டும் சொல்வேன். மூட்டைப் பொறுத்தவரை ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. ஆசை தீர ஏறுங்கள், இறங்கும்போது வண்டியில் வாருங்கள். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்கு ஏறுவதும் வேண்டாம்.

கைத்தடியை வலிக்கிற காலின் எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். பத்தில் எட்டுப் பேர் மாற்றிப் பிடிப்பதைக் கடை வாசலில் நின்றபடியே பார்த்திருக்கிறேன்.

கேதார்நாத், பத்ரிநாத்?

கேதார்நாத் 3,583 மீட்டர் உயரம். ஊட்டி 2,240-தான். 2,500 மீட்டருக்கு மேல் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு உடம்பில் தெரிய ஆரம்பிக்கும். ஹெலிகாப்டரில் போனால் சிரமமில்லை என்று நினைக்கிறார்கள். முழங்காலுக்குச் சிரமமில்லை, நுரையீரலுக்கு உண்டு. அடிவாரத்திலிருந்து சில நிமிஷத்தில் அந்த உயரத்தில் இறக்கிவிட்டால் உடம்பு பழகிக்கொள்ள நேரமே இல்லை. வழியில் குப்தகாசி போன்ற இடங்களில் ஒன்றிரண்டு ராத்திரி தங்கி ஏறுவது நல்லது. டூர் ஏஜென்ட் "ஒரே நாள்ல முடிச்சிடலாம்" என்றால், அது அவர் வசதிக்கு.

தலைவலி, குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. தள்ளாடும் நடை, குழப்பமான பேச்சு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த ராத்திரியே கீழே இறங்க வேண்டும். தரிசனம் இன்னும் பத்து நிமிஷத்தில் என்றாலும் அதே பதில்தான். உயர நோய்க்கு முன்கூட்டியே போடும் மாத்திரை உண்டு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தூக்க மாத்திரை அந்த உயரத்தில் வேண்டாம். அமர்நாத்துக்கும் அரசு நடத்தும் கைலாச யாத்திரைக்கும் 70 வயது வரம்பு வைத்திருக்கிறார்கள், மருத்துவச் சான்றும் கேட்கிறார்கள். வயதைக் குறைத்துச் சொல்ல வழி கேட்டு வந்தவர்களும் உண்டு.

வெயில் காலத்தில்?

2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசே அறிவித்தது. பெரும்பாலோர் முறையான பதிவின்றி, நிழலும் குளிர்சாதன வசதியும் இல்லாமல் நெடுந்தூரம் நடந்தவர்கள். குடை, ஈரத்துண்டு, நண்பகலில் அறையில் இருப்பது, இவை அங்கேயும் நம் சித்திரைத் திருவிழாக்களிலும் ஒன்றே. ஹஜ் போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சில பிரஷர் மாத்திரைகளும் மனநல மருந்துகளும் வியர்ப்பதைக் குறைக்கும். உங்களுடையது அதில் சேருமா என்று கேளுங்கள்.

விமானத்தில் கால் வீங்குகிறது. ரத்தம் கட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

இரண்டு காலும் கொஞ்சம் வீங்குவது சாதாரணம். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் கட்டி சேரும் வாய்ப்பு கூடும். முன்பு அப்படி வந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரிடம் காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை பற்றியும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி பற்றியும் கேட்க வேண்டும். ஆஸ்பிரினை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். மற்றவர்கள் நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள். பக்கத்தில் தூங்குபவரை எழுப்பக் கூச்சப்பட்டு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே போனவர்கள் உண்டு. உட்கார்ந்தபடியே முன்பாதத்தை மேலே கீழே என்று இருபது தடவை, மணிக்கு ஒருமுறை.

சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். "என்னால நடக்க முடியுமே, எனக்கெதுக்கு" என்று கோபப்படும் அப்பாக்களுக்கு ஒரு தகவல்: பெரிய விமான நிலையங்களில் வாசலிலிருந்து விமானம்வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட நடக்க வேண்டி வரும், அதற்கப்புறம் குடியேற்றச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும். நடக்க முடிவது வேறு, ராத்திரி இரண்டு மணிக்கு நாற்பது நிமிஷம் நிற்பது வேறு. ஆனால் தேவையே இல்லாமல் வரிசையைத் தாண்டுவதற்காக மட்டும் கேட்காதீர்கள், உண்மையில் தேவைப்படுபவர் காத்துக்கொண்டிருப்பார். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே சொல்லுங்கள்.

அமெரிக்கா போனால் மாத்திரை நேரம் குழம்பாதா?

விமானத்தில் இருக்கும்வரை நம் ஊர் நேரம். ஒரு கைக்கடிகாரத்தை மாற்றாமலே விட்டுவிடுங்கள். இறங்கிய மறுநாளிலிருந்து அந்த ஊர்க் காலை. கோடையில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். சென்னையில் ராத்திரி எட்டு மணி அங்கே காலை ஏழரை. எனவே நாளுக்கு ஒன்று போடும் பிரஷர் மாத்திரையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை, சந்தேகத்தில் இரட்டிப்பாகப் போட்டுவிடாமல் இருந்தால் போதும். இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை மூன்றுக்கும் அப்படி விட முடியாது. விமான நேரத்தைக் காட்டி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

மருந்தை அட்டையோடு கொண்டுபோங்கள். துபாய், அபுதாபி போகிறவர்கள் கோடீன், ட்ரமடால் கலந்த வலி மருந்துகளை முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. இங்கே சாதாரணமாகச் சீட்டில் எழுதித் தருவது அங்கே வழக்காகிவிடும். சமையலுக்கென்று கசகசா கட்டிக் கொடுக்கும் பாட்டிகளே, அதுவும் அங்கேயும் சிங்கப்பூரிலும் தடை.

காப்பீடு எடுக்கும்போது "ஏற்கெனவே உள்ள நோய்" என்ற பத்தியை மகனோ மகளோ முழுக்கப் படிக்கட்டும். அமெரிக்காவில் ஒரு ராத்திரி அவசரப் பிரிவுச் செலவு இங்கே ஒரு ஆபரேஷன் செலவைத் தாண்டும். சர்க்கரை, பிரஷரை மறைத்து எடுத்த பாலிசி அந்த ராத்திரியில் வெறும் தாள்.

மகன் வீட்டில் ஆறு மாதம். அங்கே எப்படி நடப்பது?

ஊரில் பால் வாங்க, பூ வாங்க, கோயிலுக்கு என்று கணக்கில் வராமலே நடந்துவிடுவோம். அங்கே எதற்கும் கார். காலையில் எல்லோரும் வேலைக்குப் போனால் சோஃபாவும் சீரியலும்தான். ஆறு மாதம் கழித்து வரும்போது எடையும் சர்க்கரையும் கூடி, தொடை தளர்ந்து வருவார்கள். அக்கம்பக்கத்து நூலகம், பூங்கா, குளிர்காலத்தில் வணிக வளாகத்தின் உள்பாதை எதுவாயினும் முதல் வாரத்திலேயே ஒரு நேரத்தைப் பிடித்துவிடுங்கள். வழி தவறினால் காட்ட வீட்டு முகவரியும் போன் எண்ணும் எழுதிய அட்டை பையில் இருக்கட்டும்.

அந்த வீடுகளின் மாடிப்படி மரம். குளிருக்குச் சாக்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினால் வழுக்கும். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸோ வீட்டுச் செருப்போ முதல் நாளே வாங்கித் தரச் சொல்லுங்கள். பனி உறைந்த நடைபாதையில் காலை நடை வேண்டவே வேண்டாம்.

எப்போது பயணத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

மார்பில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் குப்பென்று வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம், அதை "கேஸ்" என்று சோடா வாங்கிக் குடிப்பது நம் தேசியப் பழக்கம். முகம் கோணுவது, ஒரு பக்கக் கை தளர்வது, பேச்சு குழறுவது பக்கவாதத்தின் அறிகுறி. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு ஆரம்பித்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான் அவகாசம், எனவே எப்போது ஆரம்பித்தது என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். திடீர் குழப்பம், தலையில் அடிபட்டது (ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் என்றால் வெளியே காயம் இல்லாவிட்டாலும்), கறுப்பாக மலம் போவது. தமிழ்நாட்டில் 108, நாட்டில் எங்கும் 112.

"பஸ்ல எல்லாரும் நமக்காக நிக்கணுமே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரைத் தெரியும். பஸ் அடுத்த ஊர் போய்ச் சேரும்வரை மூன்று மணி நேரம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிழைத்தார், ஆனால் இதயத்தின் ஒரு பகுதி வேலை செய்யாமல் போயிற்று. பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் சொந்தக்காரர்கள்.

திரும்பி வந்த பிறகு?

முதல் இரண்டு நாள் விருந்தாளிகளுக்குப் பிரசாதம் கொடுப்பதிலேயே போய்விடும், ஓய்வு எடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் பயணம் முடிந்து சில வாரம் ஆகியிருந்தாலும் டாக்டரிடம் உடனே காட்டுங்கள், எங்கே போய் வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். காய்ச்சலுக்கும் அதே. மூன்றாம் நாள் காலையிலிருந்து நடையை மறுபடி ஆரம்பித்துவிடலாம். மீதம் வந்த மாத்திரைகளை வேறு அட்டைகளோடு கலந்து ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். அடுத்த பயணத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு, "இதுல எது எதுக்குன்னு பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்று கடைக்கு வருவீர்கள், பாதி காலாவதியாகியிருக்கும்.